ஜேடு செடிக்கு வேண்டியது ஒரு சோம்பேறி

ஜேடு செடி வளர்க்க முதல் தகுதி சோம்பேறித்தனம். விடிந்ததும் பூவாளியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடும் சுறுசுறுப்பானவர்கள் இதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ளலாம். என்ன செய்ய, தொட்டியில் இருக்கும் ஜேடைக் கொல்வதில் முதலிடம் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு இல்லை, தண்ணீருக்குத்தான். அதன் சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவும் மொசாம்பிக்கும். அங்கே பாறைச் சரிவுகளில், மழை எப்போது வரும் என்று தெரியாத இடத்தில், இலையிலும் தண்டிலும் நீரைச் சேர்த்துவைத்துப் பிழைக்கக் கற்றது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும்போது நீரும் ஆவியாகிப் போகும். ஜேடோ இரவில் திறந்து, வாங்கிய வாயுவை அமிலமாக மாற்றிப் பத்திரப்படுத்தி, பகலில் கதவைச் சாத்திக்கொண்டு உணவு தயாரிக்கிறது. இந்த வித்தைக்கு அறிவியல் வைத்திருக்கும் பெயரே ஜேடின் கிராசுலேசி குடும்பத்தை ஒட்டியதுதான். அப்பேர்ப்பட்ட சிக்கனக்காரருக்குத் தினம் ஒரு சொம்பு ஊற்றுவது, கஞ்சனுக்கு வலியப் போய்க் கடன் கொடுப்பது மாதிரி. வேண்டாததை வாங்கிக்கொண்டு அது திக்குமுக்காடும். மண்ணில் காற்று புகாமல் வேர் அழுகும்.

“இலை சுருங்கிப்போச்சே, தாகம்தானே?” என்று பூவாளிக் கட்சி கேட்கும். தாகமாகவும் இருக்கலாம். ஆனால் அழுகிய வேராலும் நீரை உறிஞ்ச முடியாது. அப்போதும் இலை சுருங்கும். அழுகலைத் தாகம் என்று நினைத்து இன்னொரு சொம்பு ஊற்றினால் கருமாதிக்கு நாள் குறித்தாயிற்று. தீர்ப்புச் சொல்ல வேண்டியது மண். விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். நன்றாகக் காய்ந்திருந்தால், அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றலாம். ஈரமாக இருந்தும் இலை தொய்ந்தால், செடியை எடுத்துக் கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டி, சில நாள் நிழலில் உலரவிட்டு, மணல் அதிகம் கலந்த புது மண்ணில் நடுங்கள். அடித்தண்டே குழைந்துவிட்டால் மேலே நல்ல கிளையாகப் பார்த்து வெட்டி, வெட்டுவாய் காய்ந்தபின் ஊன்றுங்கள்.

“சென்னை வெயிலுக்கு இதெல்லாம் சரிப்படுமா?” என்பது அடுத்த கேள்வி. கத்திரி வெயிலில் ஜேடு வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு சும்மா இருக்கும். காலை வெயில் படும்படி நகர்த்தினால் போதும். உச்சிவெயில் இலையைப் பொசுக்கும். உண்மையில் பயப்பட வேண்டியது ஐப்பசி, கார்த்திகை மழைக்குத்தான். அப்போது தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் ஒதுக்கிவிடுங்கள்.

சோம்பேறித்தனத்துக்கும் எல்லை உண்டு. தண்ணீரில் காட்டும் மெத்தனத்தை வெளிச்சத்தில் காட்டினால், டிவி பக்கத்து மூலையில் செடி வெளிறி, கணுக்கள் விலகி, ஜன்னலைத் தேடிக் கோணிக்கொண்டு நெளியும். இலைக்கக்கத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்க வேண்டும். வெளிச்சம், பூச்சி இந்த இரண்டுக்கும் சோம்பல் முறிக்கத்தான் வேண்டும்.

“வாசலில் வைத்தால் பணம் கொட்டுமாமே?” என்பவர்களுக்கும் பதில் உண்டு. கொட்டியதற்குச் சாட்சி இல்லை, மிச்சமானதற்கு உண்டு. உதிர்ந்த இலை ஒன்றை ஈரம் குறைந்த மண்மேல் போட்டாலே வேர்விட்டுப் புதுச் செடியாகிறது. நர்சரிக்குப் போகும் செலவு மிச்சம். ஆனால் தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்கினால் பெருகப்போவது செல்வமல்ல, டெங்கு கொசு. ஆகவே சுறுசுறுப்பான அன்பர்களே, விரலில் ஈரம் ஒட்டினால் பூவாளியைக் கீழே வைத்துவிட்டுப் பேப்பர் படியுங்கள். ஜேடு தானாகப் பிழைத்துக்கொள்ளும்.