கள்ளழகரும் கால் ஆஃபும்: ஒரு வினையியல் ஆய்வு

ஆய்வுக் களம்: மதுரை, தல்லாகுளம். ஆய்வு நேரம்: சாயங்காலம் நாலரைக்கு மேல், டீக்கடையில் இரண்டாம் ஈடு வடை இறங்கும் பொழுது. கருதுகோள்: ஆங்கில வினைச்சொல்லின் வாலில் தொங்கும் அப், ஆஃப், அவுட், டவுன் ஆகிய குட்டிச் சொற்களே நம் பிள்ளைகளின் அரசு வேலையை முடிவுசெய்கின்றன. நவக்கிரகங்களுக்கு அதற்கடுத்த இடம்தான்.

இந்த ஆய்வைத் தொடங்கிவைத்தவன் எங்கள் மாடி வீட்டுத் தம்பி. மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் செராக்ஸ் சூடு ஆறாத மாதிரி வினாத்தாளை நீட்டி, "அண்ணே, இதுல எங்க தப்புன்னு சொல்லுங்க" என்றான். வாக்கியத்தில் 'கோப் அப் வித்' என்று இருந்தது. தப்பே இல்லை என்று தீர்ப்புச் சொன்னேன். முப்பது வருடமாக வாழ்க்கையை நான் அப்படித்தான் சமாளித்துவருகிறேன். விடைக்குறிப்போ அந்த 'அப்' கூடாது என்றது. 'கோப் வித்' மட்டும்தானாம். ஆனால் 'புட் அப் வித்' என்றால் 'அப்' கட்டாயம் வேண்டுமாம். ஒன்று சமாளிப்பது, இன்னொன்று சகித்துக்கொள்வது. நம் ஊரில் இரண்டையும் ஒரே ஆள்தான் செய்கிறார், பெரும்பாலும் ஒரே நாளில்.

"ஏண்ணே, இதுக்கு வேணும், அதுக்கு வேணாம்?" என்றான் தம்பி. பதில் தெரியாதவன் ஆய்வாளனாவது மரபு. ஆனேன்.

முதலில் பொருளாதாரம். எஸ்.எஸ்.சி.யின் பட்டதாரிகள் தேர்வில் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 வினா, 50 மதிப்பெண். சரியானால் இரண்டு வரும், தவறினால் அரை போகும். ஆக, மேற்படி 'அப்' ஒன்றை வைப்பதற்கும் எடுப்பதற்கும் நடுவே இரண்டரை மதிப்பெண் கிடக்கிறது. கட் ஆஃப் தசமப் புள்ளிக்குப் பின்னால் நிற்கும் தேசத்தில் இரண்டரை மதிப்பெண் என்பது தல்லாகுளத்தில் சொந்த வீடு.

அடுத்து வரலாறு. 1755இல் ஆங்கில அகராதி கொண்டுவந்த சாமுவேல் ஜான்சன், வினைச்சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் இந்தக் குட்டிச் சொற்கள்தான் வெளிநாட்டாரை மிகவும் படுத்தும் என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டார். நல்ல மனிதர், முடிந்தவரை சேகரித்தும் கொடுத்தார். 'ஃபிரேசல் வெர்ப்' என்ற பெயர் லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் எழுதிய புத்தகத்தில்தான் அச்சேறியது. நோய் தெரிந்த பிறகு பேர் வைக்க 170 வருடம் ஆகியிருக்கிறது. மருந்து இன்னும் வரவில்லை. வந்தது ரென் அண்டு மார்ட்டின் இலக்கணப் புத்தகம்.

பயிற்சி மையத்து வாத்தியார் தம்பிக்கு ஒரு சூத்திரம் சொல்லிக்கொடுத்திருந்தார்: "வாய்விட்டு வாசி, காதுக்கு எது சரியாப் படுதோ அதைப் போடு." தத்துவம் சரி, காதுதான் வேறு. தம்பியின் காது தமுக்கம் மைதானத்து ஒலிபெருக்கியில் வளர்ந்தது. அதற்கு எல்லாமே சரியாகத்தான் படும். 'டிஸ்கஸ் அபௌட்' கேட்டால் இனிக்கிறது. இலக்கணப்படி 'அபௌட்' கூடாது. பஸ்ஸிலிருந்து 'கெட் டவுன்' என்பது நம் கண்டக்டர்களின் தொண்டையில் பழுத்த பிரயோகம். தேர்வுக்கு 'கெட் ஆஃப்' வேண்டும். "காலேஜ்ல பாஸ் அவுட் ஆயிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னால் லண்டன்காரர் தண்ணீர் தெளிக்க ஓடிவருவார். பயிற்சி முடித்த சிப்பாய்க்கு மட்டும்தான் அங்கே அப்படிச் சொல்லும் உரிமை. மற்றவர்களுக்கு அது மயக்கம்.

தல்லாகுளத்துக்காரனுக்கு எதையும் அழகரை வைத்துச் சொன்னால்தான் மண்டையில் ஏறும். மலையிலிருந்து வரும் கள்ளழகரை மதுரை எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவை இங்கும் நடக்கிறது. ஆண்டாள் மாலையை அவர் சூட்டிக்கொள்வதும் இங்குள்ள பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலில்தான். ஆகவே பாடத்தை அங்கிருந்தே எடுத்தேன். தங்கை மீனாட்சி கல்யாணத்துக்கு அவர் வேளைக்கு வந்துசேரவில்லை. 'டர்ன் அப்' ஆகவில்லை. கோபத்தில் ஊருக்குள் வர மறுத்தார், 'டர்ன் டவுன்'. அப்படியே வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிட்டார், 'டர்ன் அவே'. டர்ன் என்றால் திரும்பு என்று மட்டும் மனப்பாடம் செய்தவன் கதையில், அழகர் முதலில் ஆகாயத்தைப் பார்த்துத் திரும்புவார், பிறகு வைகை மணலைப் பார்த்துத் திரும்புவார். கழுத்து வலி வந்ததுதான் மிச்சமாக இருக்கும்.

'புட் ஆஃப்' தள்ளிவைப்பது, 'கால் ஆஃப்' அடியோடு கைவிடுவது. இதற்கும் மதுரையிலேயே சான்று உண்டு. மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்குக் கொண்டுபோய் அழகர் விழாவோடு சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்பார்கள். அது புட் ஆஃப். 2020இல் கொரோனா ஊரடங்கில் அழகர் ஆற்றில் இறங்கவே இல்லை. அது கால் ஆஃப். இதைக் கேட்ட பிறகு தம்பி இந்த இரண்டிலும் வழுக்கியதில்லை. 'கால் ஆன்' வந்ததும் விழுந்தான். ஆஃபுக்கு எதிர் ஆன்தானே, நிறுத்திய விழாவை மறுபடி தொடங்குவது என்று குறித்துவிட்டான். ஒருவரை மரியாதைக்குப் போய்ப் பார்ப்பது என்று பொருளாம். சுவிட்சுக்கு உள்ள நியாயம் வினைச்சொல்லுக்கு இல்லை.

இந்த இடத்தில் ஆய்வு திசைமாறியது; காரணம் டீ மாஸ்டர். "யாருண்ணே முதலாளிகிட்ட என்னையப் போட்டுக்கொடுத்தது?" என்று அவர் கரண்டியோடு வெளியே வந்தார். அங்கே நின்ற எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. யாரும் அகராதி தேடவில்லை.

'கொடு' என்ற ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை, போட்டுக்கொடுப்பது துரோகம், எடுத்துக்கொடுப்பது ஒத்தாசை. கொடுத்துவிடுவது முடிந்த காரியம். கொடுத்துத் தொலைப்பதும் முடிந்த காரியம்தான், வயிற்றெரிச்சல் மட்டும் கூடுதல். 'போட்டு வாங்கு' என்பதில் யாரும் எதையும் போடுவதில்லை, காசு கொடுத்து வாங்குவதுமில்லை. எதிராளி வாயிலிருந்து ரகசியம் மட்டும் வருகிறது. ஆங்கிலம் வினைக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல்லைச் செருகிச் செய்யும் அதே சித்துவேலையை நாம் இன்னொரு வினையைக் கோத்துச் செய்கிறோம். கோத்துவிடுவது என்றே ஒன்று மதுரையில் உண்டு. அதில் ஊசியும் கிடையாது, நூலும் கிடையாது. இரண்டு பேர் சண்டைதான் உண்டு.

ஜான்சன் துரை தல்லாகுளத்தில் உட்கார்ந்து தமிழ்த் தேர்வு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வினா: டீ மாஸ்டரை முதலாளியிடம் யாரோ ______. அ) விட்டுக்கொடுத்தார் ஆ) போட்டுக்கொடுத்தார் இ) எடுத்துக்கொடுத்தார் ஈ) சொல்லிக்கொடுத்தார். துரை 'அ'வைக் குறித்துவிட்டு நிம்மதியாக எழுந்துபோவார். நமக்கு விடை 'ஆ'. ஆனால் டீக்கடைப் பெஞ்சில் இருந்த பள்ளிக்கூடப் பையன், "சார்கிட்ட சொல்லிக்கொடுத்துருவேன்னுதானே நாங்க சொல்லுவோம்" என்று 'ஈ'க்கும் வாதாடினான். உத்தேச விடைக்குறிப்புக்கு ஆட்சேபம் எழுந்ததால் இந்த வினாவை ரத்து செய்கிறேன்.

மாநில அரசு வேலைக்குத் தேர்வு வைக்கும் டி.என்.பி.எஸ்.சி. இந்தக் குட்டிச் சொல் பிரச்சினைக்கு இரண்டு தீர்வுகளைத் தந்திருக்கிறது. 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு குரூப் 4இல் பொது ஆங்கிலமே இல்லை. தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம், அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்த மாட்டார்கள். இது முதல் தீர்வு. இரண்டாவது, விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம்: விடை தெரியவில்லை. மனிதகுலம் நேர்மையாக நிரப்ப வேண்டிய ஒரே வட்டம் அதுதான் என்பது என் கருத்து. எஸ்.எஸ்.சி.யில் அது இல்லை. உலக அளவில் மேலாண்மைப் படிப்புக்கு வைக்கும் ஜிமேட் தேர்வுகூட 2023 நவம்பரில் வந்த புதிய வடிவில் வாக்கியத் திருத்தப் பகுதியைத் தூக்கிவிட்டது. அமெரிக்கா கைவிட்டதை நாம் கைவிடாமல் காப்பாற்றிவருகிறோம். கைவிடுவதற்கு ஆங்கிலத்தில் 'கிவ் அப்', 'கால் ஆஃப்' இரண்டும் உண்டு. இங்கே எது பொருந்தும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

தம்பி நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போய் உட்கார்ந்தான். காதை நம்புவதை விட்டான். ஒவ்வொரு வினைக்கும் ஊரிலிருந்து ஒரு சம்பவம் எழுதிவைத்துக்கொண்டு படித்தான். 'ரன் அவுட் ஆஃப்' என்ற தலைப்பின் கீழ், பெட்ரோல் தீர்ந்து கோரிப்பாளையத்தில் நான் வண்டியைத் தள்ளியது பதிவாகியிருந்தது. தேர்ச்சி பெற்றான். வடக்கே ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது.

சேர்ந்த வாரமே போன் வந்தது. "அண்ணே, மொத ஃபைல். மேலதிகாரி கைப்பட எழுதியிருக்காரு, 'லெட் அஸ் டிஸ்கஸ் அபௌட் இட்'னு."

"அபௌட்டை அடிச்சியா?"

"எங்கண்ணே. கீழ 'நோட்டட்'னு கையெழுத்துப் போட்டுட்டேன்."