பாதி வீடியோ எங்கே போச்சு?

கேள்வி: நடைபாதைக் கடையில் 400 ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ் வாங்கினேன். கம்ப்யூட்டரும் 2 டிபி என்றுதான் காட்டுகிறது. ஆனால் அதில் ஏற்றிய கல்யாண வீடியோக்களில் பாதி திறக்கவில்லையே, ஏன்?
– வாசகர், விழுப்புரம்

பதில்: தாலி கட்டும் காட்சி முன்பாதியில் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்! இந்த விலைக்கு உள்ளே இருப்பது பெரும்பாலும் 16, 32 ஜிபி சிப்தான். அதன் கன்ட்ரோலரைத் திருத்தி, 2 டிபி என்று பொய் சொல்லப் பழக்கிவிடுகிறார்கள். இடம் தீர்ந்த பிறகும் காப்பி ஆனதாகவே காட்டும். ஃபைல் பெயர் இருக்கும், படம் இருக்காது. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் பென்டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மை அளவைச் சொல்லிவிடும். முதலில் அந்தச் சோதனை, அப்புறம்தான் கல்யாணம். ரிச்சி தெருவோ ஆன்லைனோ, பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் இருந்தும் கடைக்காரர் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள்.