கலியாணத்துக்கு முன் ஒப்பந்தம் எழுதுவது எப்படி: தெல்லிப்பழை முறை

வெளிநாட்டில் இருக்கிற யாரோ ஒருவரின் பெறாமகள் கலியாணத்துக்கு முன் சட்டத்தரணியிடம் போய்ச் சொத்து ஒப்பந்தம் எழுதினாளாம் என்று தெல்லிப்பழையில் மூக்கில் விரல் வைக்கிறார்கள். முந்நூறு வருடமாக நாங்கள் செய்வதைத்தான் அவளும் செய்திருக்கிறாள். என்ன, அவளுடைய ஒப்பந்தத்தில் கலியாணம் கட்டுகிற இரண்டு பேருமே கையொப்பம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பிழையை நீங்கள் விடக்கூடாது.

பேச்சுக்கால் தொடங்கியதும் மாப்பிள்ளையின் தகப்பன், "எங்களுக்கு ஒண்டும் வேண்டாம், உங்கட பிள்ளைக்கு நீங்கள் செய்யிறதைச் செய்யுங்கோ" என்பார். நம்பி எழும்பிவிடாதீர்கள், பேரம் இப்போதுதான் ஆரம்பம். வீடு, பரப்புக் கணக்கில் காணி, நகை, ரொக்கம், அதற்கு மேல் மாப்பிள்ளையின் பெற்றோருக்கு இனாம். இனாம் சீதன உறுதியில் ஏறாது. அது மாப்பிள்ளையின் தங்கச்சிக்குச் சீதனமாகப் போய், அங்கே இன்னொரு வீட்டின் இனாமாகி, இன்னொரு தங்கச்சியைத் தேடிப் போகும். யாழ்தேவிகூட இவ்வளவு தூரம் ஓடுவதில்லை.

காணி வாய்ப்பேச்சில் கைமாறாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். காணியின் பெயர், நாலு எல்லை, கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் எல்லாம் விவரமாக எழுதப்படும். பெண்ணின் விருப்பத்துக்கு உறுதியில் இடமில்லை, தேடவேண்டாம். தாய் தகப்பனுக்குச் சீவிய உருத்து வைத்துக்கொள்ளுங்கள். மருமகன் தங்கமானவர்தான், இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். சீதனம் வாங்கிய மகள், யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி, மிச்ச முதுசத்தில் பங்கு கேட்கமுடியாது. அண்ணன்மார் அன்றைக்கு ஓடியாடி வேலை செய்வது இதனால்தான்.

காணி வலிகாமம் வடக்கில் என்றால் மாப்பிள்ளை வீட்டார் இன்னொரு கேள்வி கேட்பார்கள்: கம்பி வேலிக்கு எந்தப் பக்கம்? 1990 இல் சனம் இடம்பெயர்ந்தபின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன காணிகள், போர் முடிந்த பிறகும் துண்டு துண்டாகத்தான் விடப்பட்டன. உறுதியில் வீடும் கிணறும் இருக்கும். போய்ப் பார்த்தால் கிணறு இருக்கும்.

இனி முக்கியமான கட்டம். ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரியென்ற தேசவழமையில் சீதனம் பெண்ணின் சொத்து. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்திலும் அது அவளுடையதுதான். ஆனால் அதை விற்கவோ ஈடு வைக்கவோ புருஷன் எழுத்தில் சம்மதம் தரவேண்டும். தன் முதுசக் காணியை விற்க அவருக்கு இவளின் கையொப்பம் தேவையில்லை. நகை அசையும் சொத்து, அதற்குச் சம்மதம் வேண்டாம். ஆனால் அது எப்போதோ அவருடைய வியாபாரத்துக்காக அடைவுக்குப் போயிருக்கும்.

அவர் சம்மதிக்காவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம். அதற்கு அவர் அவளைக் கைவிட்டிருக்கவேண்டும், அல்லது சிறையில் இருக்கவேண்டும், அல்லது சித்தசுவாதீனம் இல்லாதவராக, இருக்குமிடம் தெரியாதவராக, குறைந்தது நியாயமில்லாமல் மறுப்பவராக இருக்கவேண்டும். குறிப்புப் பொருத்தம் பார்க்கும்போது இவற்றில் ஏதாவது பொருந்துகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இந்தக் கையொப்பத் தொல்லையே வேண்டாம் என்கிற பெண்ணுக்கும் அதே சட்டத்தின் 3 ஆம் பிரிவில் வழி உண்டு. தேசவழமைக்கு உட்படாத ஆணைக் கட்டினால், அந்த மணம் நிலைக்கும்வரை அவளையும் தேசவழமை கட்டுப்படுத்தாது. மட்டக்களப்பிலோ காலியிலோ ஒருவரைப் பார்த்துக்கொண்டால் காணியை அவளே விற்கலாம். இது நொத்தாரிசுக்குத் தெரியும், கேட்டால் சொல்லுவார். ஆனால் அவள் வாய் திறப்பதற்குள் தகப்பன் முந்திக்கொள்வார்: "பிள்ளை, உள்ளுக்குப் போய் ஐயாவுக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வா."