ஒரு கிலோமீட்டர் பொறுமை

கேள்வி: குடும்ப வாழ்க்கையில் பொறுமையை எங்கே கற்றீர்கள்?
– வாசகி, ஸ்கூடாய்

பதில்: சிங்கப்பூருக்குப் போகும் ஜோகூர் பாலத்தில்! 1924-ல் திறக்கப்பட்டது. நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம்; நடந்தால் கால் மணி நேரம். பள்ளி விடுமுறையில் காரில் போனால் மூன்று மணி நேரம்.

சிங்கப்பூரில் மைத்துனிக்கு வளைகாப்பு. பாஸ்போர்ட்டை யார் எடுத்து வைப்பது என்ற தகராறோடு நானும் மனைவியும் புறப்பட்டோம். முதல் மணி நேரம் மௌனம். இரண்டாவதில் இரு வீட்டாரின் மூன்று தலைமுறைக் கணக்கும் வெளியே வந்தது. கோபித்துக்கொண்டு இறங்கவும் வழியில்லை. கதவோரம் மோட்டார் சைக்கிள்கள். மூன்றாவதில், ஆறிப்போன நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து எனக்குப் பாதி தந்தாள். சம்பல் மட்டும் அவளுக்கு.

வளையல் அடுக்கி முடித்த பிறகே போய்ச் சேர்ந்தோம். இனி புது ரயில் வருமாம், ஐந்தே நிமிடமாம். எங்கள் சண்டையை எங்கே போய் முடிப்பது?