மிட்டாயும் மனவலிமையும்

கேள்வி: மனோதத்துவப் பேராசிரியர்கள், நேற்றுவரை தாங்களே போதித்த பரிசோதனைகளை இன்று சந்தேகிக்கிறார்களாமே; அந்தச் சாஸ்திரத்தை இனி நம்பலாமா?

பதில்: முன்னிலும் அதிகமாகவே நம்பலாம். 1960களின் இறுதியில், அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த வால்டர் மிஷல், குழந்தைகளின் முன்னே ஒரு தின்பண்டத்தை வைத்து, சற்றுப் பொறுத்தால் இரண்டு கிடைக்கும் என்று சொல்லிப் பரீட்சித்தார். பொறுத்திருந்த குழந்தைகளே பிற்காலத்தில் கல்வியில் சிறந்தார்கள் என்ற முடிவு, பல்லாண்டு காலம் வகுப்பறைகளில் வேதவாக்காக விளங்கிற்று. 900க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றி 2018இல் வெளியான ஆராய்ச்சியிலோ, குடும்ப நிலைமையையும் கணக்கில் கொண்டவுடன் அந்தச் சம்பந்தம் பெரிதும் மெலிந்துபோயிற்று. வறுமையை அறிந்த வீட்டுப் பிள்ளைக்கு, வாக்களித்த இரண்டைவிடக் கையிலுள்ள ஒன்றே நிச்சயம். அதைச் சபலம் என்று பழிப்பது நியாயமாகுமா? மாணவர் முன் நின்று, "நான் கற்பித்ததைத் திருத்திக்கொள்ளுங்கள்" என்று சொல்லத் துணியும் ஆசிரியரே பொறுமைப் பரீட்சையில் மெய்யாகத் தேறியவர். அவசர முடிவென்னும் மிட்டாயைத் தொடாமல், சத்தியம் வரும்வரை காத்திருப்பவர் அவரல்லவா!