பேயும் பட்டா மாறுதலும்: கறுப்பு வெள்ளைத் திகில் படங்கள் குறித்துத் திருமானூரிலிருந்து ஓர் ஆய்வு

தமிழ்ப் பேய்ப் படங்களை ஆராயப் புகுந்தவர்கள் பேயை ஆழ்மனத்தில் தேடினார்கள், அடக்கி வைத்த ஆசையில் தேடினார்கள். தாலுகா அலுவலகத்தில் தேடியவர் ஒருவரும் இல்லை. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கருதுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறுப்பு வெள்ளைக் காலத்துத் திரைப் பேய் என்பது பட்டா மாறுதல் ஆகாத சொத்து. வெள்ளைச் சேலை, கொலுசொலி, காற்றில்லாமலே அணையும் விளக்கு எல்லாம் மேல் வேஷம். வேஷத்தைக் கலைத்தால் உள்ளே ஒரு பங்காளி நின்றுகொண்டிருப்பார்.

இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லத் திருமானூருக்கு என்ன தகுதி என்று சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் அறிஞர்கள் கேட்கக்கூடும். எங்கள் ஒன்றியத்துக்குள்தான் ஏலாக்குறிச்சி இருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் அங்கே தங்கித் தமிழ் வளர்த்தார். பரமார்த்த குருவையும் அவருடைய சீடர்களையும் படைத்தவர் அவர். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று அறியக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தார்களே, அதுதான் எங்கள் வட்டாரத்துச் சோதனை முறை. தண்ணீர் சீறினால் ஆறு விழித்திருக்கிறது. முடிவு பிழையாக இருக்கலாம், முறையில் குறை சொல்ல முடியாது. இந்த ஆய்வும் அந்த மரபில் வந்ததே.

முதலில் உள்ளூர்ப் பேய்களையும் சினிமாப் பேய்களையும் பிரித்துவிட வேண்டும். கொள்ளிடக் கரைப் பேய்கள் எளிய குடிகள். முனி அரசமரத்தடியில் இருக்கும், மோகினி ஆற்றுப் படுகையில் உலவும், கொள்ளிவாய்ப் பிசாசு சதுப்பில் எரிந்து அணையும். (அது சதுப்பில் மட்கும் இலைதழையிலிருந்து கிளம்பும் வாயு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவார்கள். சொல்லித்தரும் வாத்தியாரும் ராத்திரி அந்தப் பக்கம் போகமாட்டார்.) இவை யாவும் குடியிருப்பது புறம்போக்கில் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆற்றுப் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால், சுடுகாடு. இவற்றுக்குச் சொத்து ஆசை கிடையாது. ஒரு சுருட்டு, கொஞ்சம் சாராயம், கோழி ஒன்று, வாங்கிக்கொண்டு போய்விடும். சினிமாப் பேய் அப்படியல்ல. அது பங்களாவில் மட்டுமே குடியிருக்கும். பங்களாவுக்கு மாடி உண்டு, மாடிப்படி உண்டு, பூட்டிய அறை ஒன்று உண்டு, சுவரில் பெரியவர் ஒருவரின் எண்ணெய் ஓவியம் உண்டு. சுருங்கச் சொன்னால் பத்திரம் உண்டு. கூரை வீட்டுக்குள் வந்த பேயைப் பழைய தமிழ்ப் படம் எதிலாவது பார்த்ததாக நினைவிருப்போர் இந்த ஆய்வை இங்கேயே மறுத்துவிடலாம்.

பேய் பார்க்கும் சூழலைப் பற்றியும் சிறிது. திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். அந்த வழியில் வந்தவைதான் டூரிங் கொட்டகைகள். தரை டிக்கெட் என்றால் மணல். முன்னால் உட்கார்ந்தவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காரலாம். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீலுக்கு ரீல் இடைவேளை. கதாநாயகன் பூட்டிய அறையின் கதவில் கை வைத்த நொடியில் ரீல் முடியும், விளக்கு எரியும், முறுக்கு விற்பவர் உள்ளே வருவார். எந்த இயக்குநரும் திட்டமிட்டு வைக்க முடியாத திகில் அது.

இன்னொரு நுட்பமும் உண்டு. படச்சுருள் நொடிக்கு 24 கட்டங்கள் ஓடும். ஒரு கட்டம் நகர்ந்து அடுத்தது வந்து நிற்பதற்குள் புரொஜெக்டரின் இலைத்தகடு வெளிச்சத்தை மறைத்துவிடும். மினுக்கல் தெரியாதிருக்க, நிற்கிற கட்டத்தையும் நடுவில் ஒருமுறை மறைக்கும். ஆக, படம் ஓடும் நேரத்தில் ஏறக்குறையப் பாதி நேரம் திரையில் ஒன்றுமே இல்லை, இருட்டுதான். மூன்று மணி நேரப் படத்துக்குக் காசு கொடுத்தவர் ஒன்றரை மணி நேரம் இருட்டைத்தான் பார்த்திருக்கிறார். காதல் படத்துக்கு இது நஷ்டக் கணக்கு. பேய்ப் படத்துக்கு இதுவே மூலதனம்.

இனிச் சான்றுகள். சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948-இல். நில உச்சவரம்புச் சட்டம் 1961-இல். ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ 1963-இல். அரியலூர், உடையார்பாளையம் என்று இரண்டு ஜமீன்களின் நிழலில் வளர்ந்த எங்களுக்கு இந்த ஆண்டு வரிசை உடனே உறைக்கும். நிலத்தில் ஜமீன்தார் அதிகாரம் போனதும் அவர் நேராகச் சினிமாவுக்குள் குடிபுகுந்தார், பாழடைந்த பங்களாவோடு. ஏழை வீட்டுப் பெண் மருமகளாக வந்துவிடக் கூடாதென்று கொலைக்கும் துணிந்த ஜமீன்தாராக எம்.என். நம்பியார். கல்யாண்குமாரும் தேவிகாவும் செத்து மறுபிறவி எடுத்து வந்துவிடுகிறார்கள், ஜமீன்தார் மட்டும் நூறு வயது தாண்டியும் அதே பிறவியில் இருக்கிறார். அந்தக் கிழ வேஷத்தில் நம்பியார் பார்க்கும் ஒரு பார்வைக்குப் பத்துப் பேயின் பலம். ரசிகர்கள் அதை ஒப்பனையின் சிறப்பு என்பார்கள். வாரிசுக்காரர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள்: சாகவே சாகாத பெரியவரைவிடப் பயங்கரம் உலகத்தில் எது? இடத்தை அனுபவத்தில் வைத்திருப்பவரிடமிருந்து மீட்கப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் கெடு என்று சொல்லும் காலவரையறைச் சட்டமும் அதே 1963-இல்தான் வந்தது. தற்செயல் என்று விட்டுவிட இவ்வாய்வாளருக்கு மனம் வரவில்லை.

அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். (சாமிக்கண்ணு வேறு, இவர் வேறு.) தூணின் நிழலை ஆளாகவும் ஆளின் நிழலைத் தூணாகவும் காட்டக்கூடியவர். அடுத்த ஆண்டே மலையாளத்தில் ‘பார்கவி நிலையம்’ படத்தை இயக்கினார். எழுத்து வைக்கம் முகமது பஷீர். எழுத்தாளர் ஒருவர் குடிபுகும் வீட்டில் ஏற்கெனவே ஒரு பெண்ணின் ஆவி இருக்கிறது. அவர் அதனோடு மரியாதையாகப் பேசி, அனுசரித்துப் போகிறார். வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் இப்படி இருந்துவிட்டால் வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றங்களுக்கு வேலையே இல்லை. அந்தப் பெண்ணைக் கொன்றது யார் என்று பார்த்தால், வேறு யார், உறவுக்காரன்தான். இந்தியில் எல்லோருக்கும் முன்னோடியான ‘மஹல்’ (1949) படத்தில் மாளிகையில் பாடித் திரியும் ஆவி, கடைசியில் தோட்டக்காரரின் மகள். மதுபாலா. மாளிகை யார் பெயரில் இருந்தால் என்ன, அனுபவத்தில் வைத்திருந்தது தோட்டக்காரர் குடும்பம். கருதுகோள் இதில் கொஞ்சம் வளைகிறது, ஆனால் உடையவில்லை.

‘யார் நீ?’ (1966) வந்தபின் வளையவேண்டிய அவசியமும் இல்லை. ‘வோ கௌன் தீ’ என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம். ஜெய்சங்கர் டாக்டர். மழை இரவு, நடுரோட்டில் வெள்ளைச் சேலையில் ஜெயலலிதா. இதற்கு முந்தைய ஆண்டுதான் ‘வெண்ணிற ஆடை’யில் தமிழுக்கு அறிமுகமானவர், வெண்ணிற ஆடையைக் கழற்றாமலே பேயாகவும் வந்துவிட்டார் என்று தோன்றும். வேதாவின் இசையில் பி. சுசீலாவின் குரல் இருட்டுக்குள்ளிருந்து எழும்போது கதாநாயகன் காரை நிறுத்துகிறான். நாமாக இருந்தால் வேகமாக ஓட்டியிருப்போம். பிறகு அவிழ்கிறது முடிச்சு: அவனைப் பைத்தியமாக்கிச் சொத்தை அடிக்க உறவினர் செய்த ஏற்பாடு. படத்தைத் தயாரித்தவர் பி.எஸ். வீரப்பா. தன் சிரிப்பு ஒன்றாலேயே கொட்டகைக் குழந்தைகளைத் தாயின் முந்தானைக்குள் அனுப்பிய மனிதர் பேய்ப் படம் எடுக்கும்போது தான் சிரிக்கவில்லை, சுசீலாவைப் பாடவிட்டார். தொழில் தெரிந்தவர். இந்தப் படத்தின் கதாநாயகி வாழ்ந்த போயஸ் தோட்டத்து வீடும் பின்னாளில் வாரிசு வழக்காகி, 2021-இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பின்படி உறவினர் கைக்குப் போனது. இதைப் பதிவு மட்டும் செய்துவிட்டு நகர்கிறோம்.

எஸ். பாலசந்தரைத் தனியே ஆராய ஒரு பல்கலைக்கழகம் வேண்டும். வீணையில் மேதை, கையில் கேமரா கிடைத்தால் கொலை. பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ (1954), நடக்கும் பொம்மைக்குள் வெடிகுண்டு வைத்த ‘பொம்மை’ (1964) இரண்டையும் விட நம் ஆய்வுக்கு உகந்தது ‘நடு இரவில்’ (1970). பெரும் பணக்காரர் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் உறவினர்கள் பாசம் பொங்கி வந்து அவர் வீட்டில் கூடுகிறார்கள். அப்புறம் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். மேஜர் சுந்தரராஜன் பணக்காரர், பாலசந்தரே டாக்டர். இதில் பேயே இல்லை. பேய் செய்யவேண்டிய வேலையை எல்லாம் பாகப்பிரிவினை நேரடியாகவே செய்துவிடுகிறது. இடைத்தரகர் இல்லாத வியாபாரம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளைக்காரப் பேய்கள் மேலானவை, அவற்றுக்கு இப்படிப்பட்ட அற்பக் கவலைகள் இல்லை என்று நினைக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். ‘டிராகுலா’ (1931) தொடங்குவதே லண்டனில் ஒரு பழைய மடத்தைக் குத்தகைக்கு எடுக்கும் பத்திரத்தோடு ஒருவர் மலையேறி வருவதில். ‘நாஸ்ஃபெராட்டு’ (1922) படத்திலும் வீட்டு வியாபாரம்தான். அந்தப் படமே உரிமை வாங்காமல் எடுத்ததென்று, நாவலாசிரியர் பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை எல்லாம் அழிக்கச் சொல்லி ஜெர்மன் நீதிமன்றத்தில் ஆணை வாங்கினார். எங்கெங்கோ தப்பிய பிரதிகளால்தான் நாம் இன்று பார்க்கிறோம். டிராகுலாவாக நடித்த பெலா லுகோசி இறந்தபின் அவருடைய மனைவியும் மகனும், அந்த வேஷத்து முகம் எங்கள் சொத்து என்று யுனிவர்சல் நிறுவனத்தின் மேல் வழக்காடினார்கள். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1979-இல் அந்த உரிமை வாரிசுக்கு இறங்காது என்றது. ‘பிராங்கன்ஸ்டைன்’ (1931) படத்துப் பூதமான போரிஸ் கார்லோஃபின் இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். தகப்பனார் இந்தியாவில் உப்பு வரி இலாகாவில் இருந்தவர். பூதமே வருவாய்த்துறைக் குடும்பம்! ‘சைக்கோ’ (1960) படத்தில் குளியலறையில் சாகும் பெண் ஏன் அந்த விடுதிக்கு வந்தாள்? நாற்பதாயிரம் டாலரைத் திருடிக்கொண்டு ஓடியதால். அது யார் பணம்? மகள் கல்யாணத்துக்கு வீடு வாங்க ஒருவர் கொண்டுவந்து கட்டிய பணம். பத்திரம் முடிவதற்குள் கொலை. எல்லா நாட்டுப் பதிவு அலுவலக வாசலிலும் கேட்கிற கதைதான்.

ஏன் கறுப்பு வெள்ளையே சுவை என்பதற்கும் காரணம் சொல்ல வேண்டும். சைக்கோவில் ரத்தமாக ஓடியது சாக்லேட் பாகு. வெள்ளைச் சேலையும் வெள்ளையாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. பளீர் வெள்ளை விளக்கில் கண்ணைப் பறிக்கும் என்பதால் வெளிர்நிறத் துணியை வெள்ளையாக்கிக் காட்டுவதுண்டு. நிறம் வந்ததும் பேய்க்கு உதட்டுச் சாயம் வந்தது, சேலைக்கு விலை தெரிந்தது. விலை தெரிந்த பேயிடம் யார் பயப்படுவார்கள்?

இந்த ஆய்வுக்கு ஒரே ஒரு வலுவான மறுப்பு உண்டு. தமிழ் சினிமாவின் தலைசிறந்த திகில் காட்சி, ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் இருக்கிறது. அது வண்ணப்படம், அதில் பேயும் இல்லை, பாழடைந்த பங்களாவும் இல்லை. நாகேஷ் தான் எடுக்கப்போகும் படத்தின் கதையை, காற்றும் கதவும் காலடியுமாகத் தானே ஓசை எழுப்பிச் சொல்கிறார், எதிரே டி.எஸ். பாலையா வியர்க்கிறார். மறுப்பைப் பணிவோடு ஏற்று, மூன்று உண்மைகளை மட்டும் முன்வைக்கிறோம். ஒளிப்பதிவு அதே வின்சென்ட். நாகேஷ் மகன், பாலையா எஸ்டேட் முதலாளியான தகப்பன். மகன் கதை சொல்வது, தன் பட நிறுவனமான ஓஹோ புரொடக்‌ஷன்ஸுக்குத் தகப்பனிடமிருந்து பணம் கறக்க. பாலையா முகம் வெளிறியது, கண் பிதுங்கியது, நாற்காலியின் விளிம்புக்கே வந்துவிட்டார்; ஆனால் அந்தக் காட்சி முடியும்வரை கை ஒருமுறைகூட மடிப்பக்கம் போகவில்லை.