பதினாலுக்குப் பிறகும் பந்து உருளும்

கேள்வி: ஜப்பானிடம் 14-0 என்று தோற்ற மங்கோலியக் கால்பந்து அணியில் தடுப்பாட்டக்காரர்களுக்கு என்னதான் வேலை?

பதில்: அன்று மைதானத்தில் அதிகம் ஓடி உழைத்தது வேறு யாராம்? 2021 மார்ச்சில் நடந்த அது, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மங்கோலியாவின் 'சொந்த மைதான' ஆட்டம். கொரோனாவால் அதையும் ஜப்பானிலேயே ஆட வேண்டியதாயிற்று!

மங்கோலியத் தலைநகர் உலான்பாட்டரில் ஜனவரி இரவுகளில் மைனஸ் 30 டிகிரி வரை குளிரும். புல்தரை உறைந்து கல்லாகிவிடும். அங்கே கால்பந்தைத் தொழிலாக எடுப்பதற்கே தனி நெஞ்சுரம் வேண்டும். 14 கோல் வாங்கியவர்கள் மூட்டை கட்டிவிடவில்லை. அதே ஆண்டு ஜூனில், 2019 ஆசியக் கோப்பையின் நாக் அவுட் சுற்றுவரை போன கிர்கிஸ்தானைச் சந்தித்தார்கள். மங்கோலியா 1, கிர்கிஸ்தான் 0.